190ஆம் எண் பேருந்தும் ஜுல்ஃபாவும்

சுவா சூ காங் முனையத்தில் 190இல் ஏறி உட்கார்ந்தால், விரைவுச்சாலை, ஆர்ச்சர்ட் எல்லாம் கடந்து ஹில் ஸ்திரீட்டில் இறங்கலாம். நிறுத்தத்துக்கே ஆர்மீனியத் தேவாலயம் என்று பெயர். வெள்ளைக் கட்டடம், புல்வெளி, ஒல்லியான கூர்முனைக் கோபுரம். பின்னால் ஃபோர்ட் கேனிங் குன்று. சனிக்கிழமைகளில் மணமக்கள் படமெடுக்க வருவார்கள். உள்ளே போய் உட்காருகிறவர்கள் குறைவு. அதனாலேயே எனக்குப் பிடிக்கும். குளிரூட்டி இல்லாமலே காற்று வருகிற அளவுக்குச் சன்னல்களும் தாழ்வாரங்களும் வைத்துக் கட்டியிருக்கிறார் கோல்மன் என்ற அயர்லாந்துக் கட்டடக் கலைஞர். கட்டியது 1835, அர்ச்சித்தது 1836 மார்ச். சிங்கப்பூரில் இன்று நிற்கும் கிறிஸ்தவத் தேவாலயங்களில் மூத்தது இதுதான்.

அப்போது ஊரில் இருந்த ஆர்மீனியக் குடும்பங்களைக் கைவிரல் விட்டு எண்ணி முடித்துவிடலாம், மிஞ்சினால் கால்விரலும் வேண்டும். செலவில் பாதிக்கு மேல் அவர்களே போட்டார்கள் என்பதுதான் வியப்பு. நிலம் மட்டும் அரசாங்கம் கொடுத்தது.

*

தேவாலயம் புனித கிரகோரியின் பெயரில். கோர் விராப் என்ற இடத்தில் ஒரு பாதாளக் குழிக்குள் 13 ஆண்டுகள் கிடந்து, வெளியே வந்து, தன்னைக் குழியில் தள்ளிய அரசனையே கிறிஸ்தவனாக்கினார் என்பது மரபுக் கதை. அந்த மரபின்படி ஆண்டு 301. குழிக்கு மேலே இன்றும் மடம் நிற்கிறது, சிறு குன்றின் மேல். எதிரே அராரத் மலை. மலை தெரியும், போக முடியாது. நடுவில் மூடிக்கிடக்கும் துருக்கி எல்லை. ஆர்மீனியர்கள் தங்கள் அரசுச் சின்னத்தின் நடுவில் வைத்திருக்கும் மலை அடுத்த நாட்டில் இருக்கிறது.

*

1688. லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆர்மீனிய வணிகர்களோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. அதில் ஒரு ஷரத்து எனக்கு மிகவும் பிடித்தது. கம்பெனியின் எந்த ஊரிலாவது ஆர்மீனியர் 40 பேர் சேர்ந்துவிட்டால், அவர்களுக்கு ஒரு தேவாலயம் கட்டித் தரப்படும், பாதிரியாருக்கு ஏழு ஆண்டுகளுக்கு வருடம் 50 பவுண்டு சம்பளமும் உண்டு. வியாபார ஒப்பந்தத்துக்குள் கோயிலைச் செருகிப் பேரம் பேசியிருக்கிறார்கள்! நம் செட்டியார்கள் கடல் கடந்து போன ஊரிலெல்லாம் கிட்டங்கியோடு தண்டாயுதபாணியையும் கூட்டிப் போனார்கள். ஆனால் துரைமார்களிடம் அதை எழுதி வாங்கியதாகத் தெரியவில்லை. செட்டியார்களின் டேங்க் ரோடு கோயிலும் அதே ஃபோர்ட் கேனிங் குன்றின் இன்னொரு பக்கத்தில்தான்.

*

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டால் எல்லாக் கோடுகளும் ஒரே ஊரில் போய் முட்டும்: ஜுல்ஃபா.

அராஸ் நதிக்கரை, மலையிடுக்கில் ஓர் ஊர். பட்டு வியாபாரத்தால் செழித்தது. 1604–05இல் பாரசீக மன்னன் ஷா அப்பாஸ் ஆட்டோமான் படை வருகிறது என்று பின்வாங்கும்போது ஊரையே காலி செய்தான். எதிரிக்கு ஒரு கூரைகூடக் கிடைக்கக்கூடாது. மக்களை ஆற்றைக் கடக்க வைத்து இஸ்ஃபஹானுக்கு ஓட்டிச் சென்றான். கடந்ததில் எத்தனையோ பேர் ஆற்றோடு போனார்கள். போய்ச் சேர்ந்தவர்களுக்கு ஸாயந்தே ரூத் நதிக்கரையில் இடம் கொடுத்தான், பட்டு ஏற்றுமதியில் சலுகையும் கொடுத்தான். அந்தக் குடியிருப்புக்கு அவர்கள் வைத்த பெயர் புது ஜுல்ஃபா.

அங்கிருந்து சூரத், மதராஸ், கல்கத்தா, மணிலா. பிறகு பினாங்கு. பிறகு சிங்கப்பூர். ராஃபிள்ஸ் வந்த மறு ஆண்டே, 1820இல், முதல் ஆர்மீனியர் இங்கே வந்துவிட்டார்.

அடித்து விரட்டியவனிடமே சலுகை வாங்கி உலக வியாபாரம் செய்தது சாமர்த்தியமா, வேறு வழியில்லாமையா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

*

சென்னைக்காரனுக்கு இந்தக் கதையில் தனிப் பங்கு உண்டு. சைதாப்பேட்டையில் வளர்ந்தவன் நான். மறைமலை அடிகள் பாலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை முறை போய் வந்திருப்பேனோ. அதற்கு முன்னால் அதே இடத்தில் அடையாற்றின் குறுக்கே நின்ற பாலம் மர்மலாங் பாலம். 1726இல் கட்டியவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான், ஜுல்ஃபா வழிவந்த ஆர்மீனிய வணிகர். 30,000 வராகன் சொந்தக் காசு. அதற்கு மேல் பராமரிப்புக்கென்று 1,500 வராகன் தனியாக எடுத்து வைத்தார். பாலம் கட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம், பழுதுக்குப் பணம் ஒதுக்கி வைத்துவிட்டுப் போகிறவரைக் காண்பது அரிது. 1960கள் வரை, சுமார் 240 ஆண்டுகள், அந்தப் பாலம் ஊரைச் சுமந்தது. இப்போது பாலத்தின் பக்கத்தில் அவர் வைத்த கல்வெட்டு மட்டும் நிற்கிறது. அதைத் தாண்டித்தான் 5பியும் 18ஏவும் உறுமிக்கொண்டு போகும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் பார்த்ததும் ஊரைவிட்டு வந்த பிறகு ஒரு விடுமுறையில்தான்.

பாலம் எதற்கு? பரங்கிமலைக்குப் போக. புனித தோமையார் கொல்லப்பட்டதாக நம்பப்படும் குன்று அது. உச்சியில் 1523இல் போர்த்துகீசியர் கட்டிய சிறு கோயில். மழைக்காலத்தில் அடையாறு பெருகினால் யாத்திரிகர்கள் கரையிலேயே நிற்பார்கள். உஸ்கான் ஆற்றுக்குப் பாலம் போட்டதோடு நிற்கவில்லை, மலைக்குப் படிகளும் வெட்டிக் கொடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட படிகள், நடுநடுவே இளைப்பாற இடம். இன்று சாலை வழியாக வண்டியிலேயே மேலே போய்விடலாம் என்றாலும் நேர்த்திக்கடன் உள்ளவர்கள் படியில்தான் ஏறுகிறார்கள். அவர்களில் சரிபாதி கிறிஸ்தவர் அல்லாதவர் என்று என் அம்மா சொல்வாள். அம்மாவே போய் வருகிறவள்தான். மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, இறங்கி வந்து, ஆலந்தூரில் பூ வாங்கிக்கொண்டு வீட்டுப் பூஜைக்கு வருவாள்.

உஸ்கானின் கடைசிக் காலம் நன்றாயில்லை. 1746இல் பிரெஞ்சுக்காரர் மதராஸைப் பிடித்தபோது அவர்கள் பக்கம் சாய மறுத்தார், சொத்தைப் பறிமுதல் செய்தார்கள். ஆங்கிலேயர் திரும்பி வந்தபோது விசுவாசத்துக்குப் பரிசு கொடுத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. பிரெஞ்சுக்காரருக்கு உதவினார்கள் என்ற சந்தேகத்தில் கத்தோலிக்கரை ஒதுக்கிய அலையில், வேப்பேரியில் அவர் கட்டிய கத்தோலிக்கச் சிற்றாலயம் 1752இல் சீர்திருத்தச் சபை மிஷனுக்குப் போய்விட்டது. அதற்குள் அவர் இறந்திருந்தார் (1751, வயது 70). அந்த ஆலயத்துக்கு வந்து சேர்ந்தவர் ஃபாப்ரிசியஸ். தமிழில் பைபிளை மொழிபெயர்த்தவர், 1779இல் தமிழ்–ஆங்கில அகராதி அச்சிட்டவர். ஆக, ஆர்மீனியர் காசில் எழும்பிய கூரையின் நிழலில் தமிழ் அகராதி வேலை நடந்திருக்கிறது. வரலாறு சில சமயம் இப்படித்தான் கணக்கைக் குறுக்கே எழுதும்.

உஸ்கானின் கல்லறை அங்கேதான், இன்றைய புனித மத்தியா தேவாலய வளாகத்தில். உடல் வேப்பேரியில். இதயத்தை மட்டும் எடுத்து ஒரு பெட்டியில் வைத்து ஜுல்ஃபாவுக்கு அனுப்பச் சொல்லியிருந்தார், அனுப்பினார்கள். அந்த ஜுல்ஃபாவும் புது ஜுல்ஃபாதான்.

*

சென்னை அரண்மனைக்காரத் தெருவின் ஆர்மீனியத் தேவாலயம் தனியே பார்க்க வேண்டியது. 1712இல் ஒன்று, இப்போது நிற்பது 1772இல் எழுந்தது. தனி மணிக்கூண்டில் ஆறு மணிகள். முற்றத்துத் தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள், மிதிக்காமல் நடக்க வழியில்லை. அவற்றுக்கு நடுவே பாதிரியார் ஹருத்யுன் ஷ்மாவோனியன் கிடக்கிறார். 1794இல் ‘அஸ்தரார்’ என்ற மாத இதழைத் தொடங்கினார், 18 இதழ்கள் வந்தன. உலகத்தில் ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் பத்திரிகை அது. யெரெவானிலும் இல்லை, இஸ்தான்புல்லிலும் இல்லை, நம் பாரிமுனையில்.

(பத்திரிகை என்றதும்: 1845இல் சிங்கப்பூரில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் தொடங்கியதிலும் ஒரு ஆர்மீனியர் கை உண்டு, காச்சிக் மோசஸ். இன்று காலை மின்தூக்கிக்குக் காத்திருந்தவர் கையிலிருந்தது அதே இதழ்.)

இன்னொன்று இதைவிடப் பெரிய செய்தி. ஷஹாமிர் ஷஹாமிரியன் என்ற மதராஸ் வணிகர் சொந்த அச்சகம் வைத்திருந்தார். அங்கே ஒரு நூல் அச்சாயிற்று. தலைப்புப் பக்கம் 1773 என்கிறது. ‘புகழின் கண்ணி’ என்பது போல ஒரு பெயர். உள்ளே இருப்பது வரப்போகும் ஆர்மீனியக் குடியரசுக்கான அரசியல் சட்டம், 521 பிரிவுகள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம், சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஆட்சி எல்லாம் உண்டு. நாடு? அது இல்லை. பாரசீகமும் ஆட்டோமானும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. கருப்பர் பட்டணத்துச் சந்தடியில், வியர்த்து வழிய, இல்லாத தேசத்துக்கு ஒருவர் வரி விதிகள் எழுதிக்கொண்டிருந்தார்.

இதைக் கனவு என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். வியாபாரி எழுதியது. லாப நஷ்டம் பார்க்கிறவன் 521 பிரிவுகளைச் சும்மா எழுதமாட்டான்.

*

சட்டம் எழுதும் பழக்கம் அவர்களுக்கு மலையூரிலிருந்தே வந்தது. வடகிழக்கு ஆர்மீனியாவில், திலிஜான் காடுகளுக்குப் பக்கத்தில், கோஷ் என்று ஒரு சின்ன ஊர். மடமும் வீடுகளும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், மடத்துச் சுவருக்குப் பக்கத்திலேயே கொல்லையும் கோழியும். பெயர் கொடுத்தவர் முகிதார் கோஷ், துறவி. 1184இல் ஆர்மீனியச் சட்டத் தொகுப்பை எழுதத் தொடங்கினார். நிலநடுக்கத்தில் பழைய மடம் இடிந்தபின் இந்த ஊரில் புதிதாகக் கட்டியவரும் அவரே. 1213இல் மறைந்தார். அவர் சட்டம் ஊரைவிட்டுப் போன ஆர்மீனியரோடு போலந்து, உக்ரைன் பக்கமெல்லாம் போனது. லிவிவ் நகரத்து ஆர்மீனியர் தம் வழக்குகளை அதன்படியே தீர்த்துக்கொள்ள 1519இல் போலந்து அரசன் அங்கீகாரம் கொடுத்தான்.

மடத்தின் வாசலில் ஒரு சிலுவைக்கல். 1291இல் போகோஸ் என்ற சிற்பி செதுக்கியது. ஊசி வேலை என்றே அதற்குப் பெயர். சரிகை போல அடுக்கடுக்காகக் கல்லைத் துளைத்திருக்கிறான். படத்தில்தான் பார்த்திருக்கிறேன், பெரிதாக்கிப் பார்க்கப் பார்க்க உள்ளே இன்னொரு அடுக்கு. கச்கார் எனப்படும் இந்தக் கற்கள் ஆர்மீனியாவில் எங்கு பார்த்தாலும் நிற்கும், ஒன்றைப் போல மற்றொன்று இருக்காது. 2010இல் இந்தக் கலையை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நம் ஊர் நடுகல்லின் பங்காளி என்று சொல்லத் தோன்றுகிறது. அங்கே வீரனுக்கு மட்டும் என்றில்லை: ஆன்ம நலத்துக்கு, பாலம் கட்டியதற்கு, கிணறு வெட்டியதற்கு எல்லாம் கல்.

*

பழைய ஜுல்ஃபாவுக்குத் திரும்பவும் வருகிறேன். மக்கள் போனபின் மிஞ்சியது இடுகாடு. 17ஆம் நூற்றாண்டில் அங்கே போன ஐரோப்பியப் பயணி ஒருவர் பத்தாயிரம் கற்கள் என்று எழுதினார். 20ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் சில ஆயிரம் நின்றன. இடம் இப்போது அஜர்பைஜானின் நக்சிவானில். 1998இல் தொடங்கி, 2005 டிசம்பரில் ஒரேயடியாக, உடைத்துத் தீர்த்தார்கள். நதியின் எதிர்க்கரை ஈரானில் இருந்து எடுத்த காணொளி இருக்கிறது: சீருடைக்காரர்கள் சம்மட்டியால் அடிக்கிறார்கள், லாரியில் ஏற்றி ஆற்றில் கொட்டுகிறார்கள். அஜர்பைஜான் அரசு மறுத்தது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு கற்கள் இல்லை என்றே சொன்னது.

நான் இருக்கும் வட்டாரத்திலிருந்து பத்து நிமிடப் பேருந்துத் தூரத்தில் சிங்கப்பூரின் கடைசி இடுகாடு. புதிதாகப் புதைக்க இடம் உள்ள ஒரே இடம் சுவா சூ காங்தான். சீனர், முஸ்லிம், கிறிஸ்தவர், இந்து, யூதர், பார்சி, பஹாய் எல்லாருக்கும் தனித்தனிப் பகுதி. 1998 முதல் 15 ஆண்டு விதி. அதன்பின் தோண்டி எடுத்து, எரிக்கும் வழக்கம் உள்ளவர்க்கு எரித்து, இல்லாதவர்க்குச் சிறு குழியில் மறு அடக்கம். தெங்கா விமானத் தளத்தை விரிவாக்க 80,000க்கும் மேற்பட்ட சீன, முஸ்லிம் கல்லறைகளை எடுக்கப்போவதாக 2017இல் அறிவித்தார்கள். சீனர் முன்னோரை வணங்கும் சிங் மிங் சமயத்தில் அந்தப் பக்கம் போனால் தெரியும், கார் வரிசை அசையாது.

இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. இங்கே அறிவிப்பு வருகிறது, பதிவு எண் இருக்கிறது, குடும்பத்தாரைக் கூப்பிட்டு எலும்பை ஒப்படைக்கிறார்கள். அங்கே அப்படி ஒரு கூட்டம் இருந்ததே இல்லை என்று காட்டுவதற்காக உடைத்தார்கள். ஆனாலும் எடுத்தபின் இருக்கும் வெற்றுத் தரை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பது என்னைத் தொந்தரவு செய்கிறது. வித்தியாசம் முழுக்கக் காகிதத்தில். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறவர்களை நான் குமாஸ்தாக்கள் என்று இளக்காரமாகச் சொல்லமாட்டேன்.

ஹில் ஸ்திரீட் தேவாலயத் தோட்டத்தில் இருக்கும் கல்லறைக் கற்களுக்கு அடியிலும் யாரும் இல்லை. புக்கிட் தீமா இடுகாட்டை எடுத்தபோது கற்களை மட்டும் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். ஆக்னஸ் ஜோக்கிமின் கல்லும் அவற்றில் ஒன்று. அவர் தோட்டத்தில் 1893இல் பூத்த ஆர்க்கிட் 1981இல் சிங்கப்பூரின் தேசிய மலர் ஆயிற்று. கல்லில் ஆர்மீனிய எழுத்து கண்டால் நின்று பாருங்கள். 405இல் மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் உருவாக்கியதாகச் சொல்லப்படும் எழுத்து, ஒவ்வொன்றும் கொக்கி போட்டது போல வளைந்திருக்கும்.

*

சுவா சூ காங்கும் ஒரு காலத்தில் ஊர்தான். 19ஆம் நூற்றாண்டில் ஆற்றை ஒட்டிக் காசுக்கட்டித் தோட்டங்கள் (கேம்பியர்), அவற்றோடு மிளகு. தியோச்சியூ சீனர்கள். ஒவ்வோர் ஆற்றங்கரைக்கும் ஒரு தலைவன். கேம்பியர் இலையைக் கொதிக்க வைக்க விறகு, விறகுக்குக் காடு. 15, 20 ஆண்டில் மண் சோர்ந்துவிடும், அடுத்த காட்டுக்குப் போவார்கள். புலி அடித்த கூலிகளின் செய்தி அந்தக்காலப் பத்திரிகைகளில் நிறைய. பிறகு ரப்பர், அன்னாசி, அதன்பின் கோழி, பன்றி, கீரைப் பண்ணைகள். யூ டீ கம்பம், கியட் ஹோங் கம்பம். 1980களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புளோக்குகள் எழும்பின, 1990இல் பெருவிரைவு ரயில் வந்தது. யூ டீ என்று ரயில் நிலையம் இருக்கிறது. ஜப்பானியர் காலத்தில் எண்ணெய் சேமித்த இடம் அது என்பது அங்கே இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

கீழ்த்தளத்தில் செஸ் ஆடும் சீன அங்கிளுக்கு எழுபதுக்கு மேல். கம்பத்தில் பிறந்தவர். என்னிடம் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். பன்றிக் கொட்டகை எங்கே இருந்தது என்று கேட்டேன். கையை நீட்டி, “அங்கே, பல்லடுக்கு கார் நிறுத்துமிடம் இருக்கிறதே, அதில் மூன்றாம் மாடி உயரத்துக்கு அப்போது மேடு” என்றார். மேட்டை வெட்டித்தான் நிரவினார்களாம். எனவே அவர் பிறந்த வீடு இப்போது காற்றில் இருக்கிறது. சொல்லிவிட்டு அவரே சிரித்தார், என் ராணியையும் வெட்டினார்.

இவருக்கு உஸ்கான் கதையைச் சொல்லிப் பார்த்தேன். இதயத்தை ஊருக்கு அனுப்பிய இடம் வந்ததும், “தபால் செலவு யார் கொடுத்தது?” என்று கேட்டார். ஜுல்ஃபாக்காரர்கள் கேட்டிருக்கக்கூடிய கேள்வி.

*

1973இல் சிங்கப்பூர் முதன்முதலாகத் தேசிய நினைவுச்சின்னங்களை அறிவித்தபோது பட்டியலில் எட்டு. ஆர்மீனியத் தேவாலயமும் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலும் ஒன்றாக இடம்பெற்றன. புனித ஆண்ட்ரூஸ் பேராலயமும் உண்டு. அதைக் கட்டியது இந்தியக் கைதிகள், சுவருக்குப் பூசியது முட்டை வெள்ளையும் வெல்லமும் தேங்காய் மட்டை ஊறிய நீரும் சேர்த்த மதராஸ் சுண்ணாம்பு. ஹில் ஸ்திரீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். வெயில் தாழ்ந்தபின் போவது நல்லது.

*

ராஃபிள்ஸ் ஓட்டலை விட்டுவிட்டாயே என்று நண்பர் கேட்கிறார். சார்க்கீஸ் சகோதரர்கள், 1887, புது ஜுல்ஃபாக்காரர்கள், பினாங்கிலும் ரங்கூனிலும் ஓட்டல்கள், 1931இல் திவால். போதுமா? அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எழுதினால் ஒரு கோப்பை சிங்கப்பூர் ஸ்லிங்காவது கிடைக்கும். சைதாப்பேட்டைப் பாலத்துக்குத்தான் ஆள் இல்லை.